புழுவின் சரித்திரம் எழுதிய அம்மையார்

நியாயஸ்தலங்களில் ஒரு விதி உண்டு. கண்ணால் கண்டவன் கூண்டில் ஏறி நின்று சொல்ல வேண்டும்; அவன் சொல்லக் கேட்டவன் வந்து சொல்வது செல்லாது. வக்கீல் தொழிலுக்குப் படிக்கும்போதே நாம் கற்றுக்கொண்ட பாடம் இது. ஆனால், தன்னைச் சுற்றிலும் ஊர்ந்தும் பறந்தும் திரியும் சிற்றுயிர்களைப் பற்றி மனித சமூகம் கொண்டிருந்த அபிப்பிராயங்களில் பெரும்பகுதி, இந்த விதிக்கு உட்படாமலே ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷ காலம் செலாவணியில் இருந்து வந்தது என்பதை எண்ணும்போது நமக்கு வியப்புண்டாகிறது.

கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில் பெரிய மேதாவி. தம் கண்ணால் பார்த்து எழுதியவை அநேகம். இலையில் ஊரும் புழு கூடாகி, அக்கூட்டிலிருந்து சிறகுள்ள பூச்சி வெளிவருகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் சிற்றுயிர்கள் முதன்முதலில் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு, இலைமேல் விழுந்த பனியிலிருந்தும் சேற்றிலிருந்தும் சாணத்திலிருந்தும் அவற்றுட் சில தாமே உற்பத்தியாகின்றன என்று எழுதி வைத்தார். பின்வந்தவர்கள் ஒரு முட்டையையேனும் உற்று நோக்காமல் அதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள். பதினேழாம் நூற்றாண்டிலேதான் இவ்வழக்கு மறு விசாரணைக்கு வந்தது. இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்னும் வைத்தியர், இறைச்சித் துண்டுகளைச் சில பாத்திரங்களில் திறந்தும் சிலவற்றில் மூடியும் வைத்துப் பார்த்து, ஈ வந்து முட்டையிட்டாலொழிய இறைச்சியில் புழு உண்டாவதில்லை என்று 1668-ல் ருசுப்படுத்தினார். மறு வருஷம் ஹாலந்தில் ஜான் ஸ்வாமர்டாம் பூச்சிகளின் பொதுச் சரித்திரம் ஒன்றை வெளியிட்டார். கூடாகும் தறுவாயிலுள்ள புழுவின் தோலை உரித்து, சிறகுகள் உள்ளே மடிந்து கிடப்பதைக் காட்டியவர் இவரே. இவர்களெல்லாம் சர்வகலாசாலைகளில் பயின்ற ஆடவர்கள். இவர்களுடைய நூல்கள் வெளிவருவதற்குப் பல வருஷங்கள் முன்னதாக, 1660-ல், ஜெர்மனியில் பிராங்க்போர்ட் நகரத்தில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பட்டுப்புழுக்களை வளர்த்து அவற்றின் போக்கைக் கவனிக்கத் தொடங்கியிருந்தாள். மரியா சிபில்லா மேரியன் என்பது அவள் பெயர். இன்று நாம் நமது நேயர்களுக்குச் சொல்லப் புகுவது அச்சிறுமியின் சரித்திரமே.

மரியா 1647-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 2-ந் தேதி பிறந்தார். தந்தையான மாத்தேயு மேரியன் செப்புத் தகடுகளில் சித்திரம் பொறிப்பதிலும் புஸ்தகங்கள் பிரசுரிப்பதிலும் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். ஜெர்மானிய நகரங்களின் தோற்றங்களை வரைந்து அவர் வெளியிட்ட பெருநூல்கள் இன்றும் போற்றப்படுகின்றன. மகளுக்கு மூன்று வயதாகும்போது அவர் காலமானார். தாய் மறுவருஷம் ஜேக்கப் மாரெல் என்னும் சித்திரக்காரரை மறுமணம் புரிந்தாள். மாரெல் மலர்களை வரைவதில் நிபுணர். ஜாடியில் செருகிய மலர்க்கொத்தை எழுதி, அழகுக்காக அதன்மேல் ஒரு வண்டையோ பட்டாம்பூச்சியையோ உட்கார வைப்பது அக்காலத்துச் சித்திரக்காரர்களின் வழக்கம். அந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது, எந்த இலையைத் தின்று வளர்ந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. மாற்றாந்தந்தை என்றாலும் மாரெல் அச்சிறுமிக்குத் தம் கலையை ஒளியாமல் கற்பித்தார். தந்தையின் அச்சுக்கூடமும் மாற்றாந்தந்தையின் சித்திரசாலையுமே அவருக்குப் பள்ளிக்கூடங்களாயின.

பட்டுப்புழுவின் வாழ்க்கை, பொறுமையுடன் பார்ப்பவருக்கு ஒரு முழு நாடகம். கடுகினும் சிறிய முட்டையிலிருந்து கறுத்த சிறு புழு வெளிவருகிறது. இரவும் பகலும் முசுக்கட்டை இலையைத் தின்கிறது. தோல் இறுகிப்போகும்போது உண்ணாமல் அசையாமல் கிடந்து, பழைய தோலைக் கழற்றிப் புதுத்தோலுடன் வெளிப்படுகிறது. இவ்வாறு நான்கு முறை. ஏறக்குறைய ஒரு மாதம் ஆனதும் வாயிலிருந்து நூலை இழுத்துத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டினுள்ளே காலும் வாயும் அற்றது போன்ற பழுப்பு நிறப் பிண்டமாகக் கிடந்து, பிறகு வெள்ளைச் சிறகுடன் வெளிவருகிறது. அதன் பின் அது உண்பதுமில்லை; இணைந்து, முட்டையிட்டு, சில தினங்களில் மாய்ந்துவிடுகிறது. பட்டு வியாபாரிகளுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதிதான். சிறுமி மரியாவோ இங்கே நிற்கவில்லை. வேலியிலும் தோட்டத்திலும் கிடக்கும் மற்றப் புழுக்களிலிருந்து இதனினும் அழகிய பூச்சிகள் தோன்றுகின்றன என்று கண்டதும், அகப்பட்ட புழுக்களையெல்லாம் கொண்டுவந்து வளர்க்கலானாள். சமவயதுப் பெண்களின் கூட்டத்தை விட்டு விலகி இந்த ஆராய்ச்சியிலேயே ஈடுபட்டதாகப் பிற்காலத்தில் அவரே குறித்திருக்கிறார்.

1665-ல் மாரெலின் மாணாக்கரான யோஹான் ஆண்ட்ரியாஸ் கிராப் என்பவரை அவர் மணந்தார். சில வருஷங்களுக்குப் பின் தம்பதிகள் கிராபின் சொந்த ஊராகிய நியூரம்பர்க்கில் குடியேறினர். யோஹன்னா ஹெலினா, டோரொதியா மரியா என இரு பெண்மக்கள் பிறந்தனர். அந்நகரத்துத் தொழிற்சங்க விதிகள் எண்ணெய் வர்ணத்தில் சித்திரம் எழுதும் உரிமையை ஆண்களுக்கே ஒதுக்கியிருந்தன. ஸ்திரீகள் நீர் வர்ணத்தோடு நிற்க வேண்டும். அம்மையார் தோல் ஏட்டில் நீர் வர்ணத்தால் எழுதினார். நகரத்துக் கன்னிப் பெண்களுக்குச் சித்திரமும் பூவேலையும் கற்பித்தார், வர்ணங்களும் விற்றார். பூவேலை செய்வோருக்கு மாதிரியாக 1675 முதல் 1680 வரை மூன்று பகுதிகளாக ஒரு மலர்ப் புஸ்தகம் வெளியிட்டார். இத்தனைக்கும் நடுவே வீட்டில் புழுப்பெட்டிகள் நிறைந்திருந்தன. ஒவ்வொரு புழுவுக்கும் அதனதன் இலையைத் தினந்தோறும் புதிதாகப் பறித்து வந்து போட வேண்டும்; ஒருநாள் தவறினாலும் மாதக்கணக்கான உழைப்பு வீண். குழந்தை வளர்ப்பும் குடும்ப வேலையும் வயிற்றுப் பிழைப்பும் ஒருங்கே சுமந்த ஒரு ஸ்திரீ இதைப் பல வருஷம் இடைவிடாது செய்தார்.

அதன் பயனாக 1679-ல், புழுக்களின் அதிசய உருமாற்றத்தையும் அவை உண்ணும் மலர்ச்செடிகளையும் விவரிக்கும் அவருடைய நூல் வெளிவந்தது. ஐம்பது சித்திரத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் விளக்கம். 1683-ல் மற்றோர் ஐம்பது சேர்ந்தன. இந்நூலின் புதுமை யாது என்று வினவலாம். அதற்கு முன்பே ஹாலந்தில் கோதார்ட் என்பவர் புழுக்களை வளர்த்து, புழு, கூடு, பூச்சி ஆகியவற்றின் படங்களை வெளியிட்டிருந்தார். ஆனால் அவை வெறுந்தாளில் தனித்தனியே நின்றன. அம்மையாரின் ஏட்டிலோ நடுவில் ஒரு செடி பூத்து நிற்கிறது. அதன் இலையடியில் முட்டை, இலையைக் கடித்துக்கொண்டு புழு, தண்டில் தொங்கும் கூடு, மலர்மேல் பூச்சி. ஓருயிரின் முழு வாழ்க்கையும், அவ்வாழ்க்கையைத் தாங்கும் உணவும், ஒரே பார்வையில் விளங்குகின்றன. அநேகப் புழுக்கள் தமக்குரிய இரண்டொரு செடிகளைத் தவிர வேறொன்றைத் தொடாமல் பட்டினியால் சாகும் என்பதைப் பார்த்துப் பார்த்து அறிந்தவர் அவர். நம் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் காணும் பச்சைப் புழுவைச் சிறுவயதில் பிடித்து வந்து, முருங்கை இலையைப் போட்டு, அது செத்ததைக் கண்டு அழுதது நமக்கு ஞாபகம் இருக்கிறது. இலைக்கும் புழுவுக்கும் உள்ள இந்த உறவை ஒரு நூலின் அமைப்பாகவே ஆக்கிக் காட்டியது அம்மையாரின் தனிச் சிறப்பு.

தமக்கு விளங்காததையும் அவர் மறைக்கவில்லை. சில சமயம் கூட்டிலிருந்து எதிர்பார்த்த பட்டாம்பூச்சிக்குப் பதிலாகச் சிறு ஈக்கள் கூட்டமாக வெளிவந்தன. இது முறை தவறிய மாற்றம் என்று திகைத்தாரே தவிர, கண்டதைக் கண்டபடி குறித்தார். அவை ஈக்களல்ல, ஒருவகைக் குளவிகளும் அவற்றைப் போன்றவையும் என்றும், உயிருள்ள புழுவின் உடலில் தாய்க் குளவி முட்டையிட, குஞ்சுகள் அதை உள்ளிருந்தே தின்று வளர்கின்றன என்றும் இன்று நாம் அறிவோம். நேர்மையான சாட்சி தன் கட்சிக்கு ஒவ்வாததையும் சொல்வான். அத்தகைய வாக்குமூலமே பிற்காலத்தாருக்குப் பயன்படுகிறது.

கூட்டினுள் நடப்பதென்ன என்பது அவர் காலத்தில் ஒருவருக்கும் புலப்படவில்லை. புழுவின் உடலுக்குள்ளேயே, பின்னால் சிறகு முதலிய உறுப்புகளாக விரிய வேண்டிய நுண்ணிய அணுத்தொகுதிகள் ஒதுங்கியிருக்கின்றன. தலையிலுள்ள ஒரு சுரப்பியின் நீர் உடலில் பரவியிருக்கும்வரை, தோல் உரிந்தாலும் புழு புழுவாகவே இருக்கும். அந்நீர் குறைந்ததும் தோலுரிப்பைத் தூண்டும் மற்றொரு நீர் மேலோங்கி, பழைய அங்கங்களிற் பல கரைய, புதியவை உருவாகின்றன. இங்கிலாந்தில் விக்கிள்ஸ்வொர்த் 1930-களில் செய்த சோதனைகள் இந்த இரகசியத்தைத் திறந்தன. 1954-ல் ஜெர்மனியில் பூட்டனாண்ட், கார்ல்ஸன் என்னும் இரு ரஸாயன நிபுணர்கள், 500 கிலோகிராம் பட்டுப்புழுக் கூட்டுயிர்களிலிருந்து அந்த இரண்டாவது நீரின் ஸாரத்தை 25 மில்லிகிராம் அளவு பிரித்தெடுத்தார்கள். சிறுமி மரியா கையில் எடுத்த அதே ஜந்துதான் இதற்கும் உதவியது.

நிற்க. அம்மையாரின் இல்லறம் இனிது நடக்கவில்லை. மாரெல் 1681-ல் இறந்ததும் அவர் பிராங்க்போர்ட் திரும்பினார். 1685-ல் தாயையும் இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு ஹாலந்தின் வடக்கே பிரீஸ்லாந்தில் வீவெர்ட் என்ற ஊரிலிருந்த ஒரு பக்தர் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார். லபாடி என்ற பிரெஞ்சு உபதேசியாரைப் பின்பற்றிய அவர்கள் சொத்துக்களைப் பொதுவில் வைத்து எளிய வாழ்க்கை நடத்தினர். கணவர் அங்கு தேடி வந்தும் அம்மையார் திரும்ப மறுத்துவிட்டார். கிராப் பின்னர் விவாகரத்துப் பெற்று வேறு மணம் செய்துகொண்டார். அம்மையார் தந்தையின் குலப்பெயரையே மீண்டும் தரித்தார். ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த பிறகு, கணவர் உயிரோடிருக்கும்போதே தம்மை விதவை என்று சொல்லிக்கொண்டார் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. தனித்து வாழும் ஸ்திரீ வாணிபமும் பத்திரமும் செய்துகொள்ள விதவை என்ற பெயர் எவ்வளவு சௌகரியம் என்பதை அக்காலத்துச் சட்டம் அறிந்தவர்கள் உணர்வார்கள். புழுவின் விஷயத்தில் அணுவளவும் பொய் சொல்லாதவர், தம் விஷயத்தில் ஒரு பொய் சொல்ல நேர்ந்தது.

வீவெர்ட்டில் இருந்த வருஷங்களும் வீணாகவில்லை. அந்தச் சதுப்பு நிலத்தில் தவளைகள் மிகுதி. நீரில் மிதக்கும் முட்டைத் திரளை எடுத்து வந்து, கறுப்புப் புள்ளி வாலுடன் நீந்துவதையும், பின்கால் முன்கால் தோன்றுவதையும், வால் குறுகி மறைவதையும் படிப்படியாக வரைந்தார். அதுவரை துண்டு துண்டாக இருந்த குறிப்புகளையும் சிறு சித்திரங்களையும் ஒரு குறிப்புப் புஸ்தகமாக அங்கேதான் ஒழுங்குபடுத்தினார். 1690-ல் தாய் இறந்தாள். மறு வருஷம் அவர் பெண்களுடன் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் குடியேறினார்.

ஆம்ஸ்டர்டாம் அப்போது உலக வாணிபத்தின் சந்தை. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் கப்பல்கள், வாசனைத் திரவியங்களோடும் சர்க்கரையோடும், விசித்திரமான பூச்சிகளையும் சிப்பிகளையும் கொண்டுவந்து குவித்தன. நகராதிபதி விட்ஸன், வைத்தியர் ரூய்ஷ் முதலிய பிரபுக்கள் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தனர். அம்மையாரும் போய்ப் பார்த்தார். உள்ளங்கையளவு நீலச் சிறகுகள் ஊசியில் குத்தப்பட்டுக் கிடந்தன. ஆனால் எவற்றின் புழு எது, எந்த இலையைத் தின்றது, எத்தனை நாள் கூட்டில் இருந்தது என்று சொல்வார் ஒருவரும் இல்லை. பிணத்தை ஆயிரம் முறை பார்த்தாலும் வாழ்க்கை தெரியாது. போய்த்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

அவர் போக எண்ணிய இடம் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள சுரினாம். 1667-ல் பிரேடா உடன்படிக்கையின்படி அது டச்சுக்காரருக்கு உறுதியாயிற்று. பதிலுக்கு இன்று நியூயார்க் என வழங்கும் ஊர் ஆங்கிலேயரிடம் தங்கியது. கரும்பும் அடிமைகளும் நிறைந்த அந்த நாட்டைப் பெற்றதே லாபம் என்று ஹாலந்தின் வியாபாரிகள் அன்று மகிழ்ந்தார்கள். அம்மையார் தம் சித்திரங்களில் 255-ஐ விற்றுப் பணம் சேர்த்தார். திரும்பி வருவது நிச்சயமில்லையாதலால் பெண்களை வாரிசாக்கி மரண சாஸனம் எழுதி வைத்தார். 1699-ஆம் வருஷம் ஜூன் மாதம், ஐம்பத்திரண்டாம் வயதில், இளைய மகள் டோரொதியாவுடன் கப்பல் ஏறினார். அரசன் அனுப்பவில்லை, சங்கம் எதுவும் செலவுக்குக் கொடுக்கவில்லை, துணைக்கு ஆண்மகன் எவனுமில்லை. இயற்கை ஆராய்ச்சிக்கென்றே அமெரிக்கா சென்ற ஹம்போல்ட் பிரபு புறப்பட்டது இதற்குச் சரியாக நூறு வருஷங்களுக்குப் பின், 1799-ல்.

பரமாரிபோ பட்டணத்தில் ஒரு வீட்டில் தங்கி, தோட்டம் போட்டு, காடுகளுக்குச் சென்று, சுரினாம் நதி வழியே உட்பிரதேசத்துத் தோட்டங்கள்வரை போய்ப் புழு சேகரித்தார். உயர்ந்த மரங்களின் உச்சியில் இருப்பவற்றை எடுக்க மரத்தையே வெட்டச் செய்ததும் உண்டு. வெப்பம் தாங்க முடியாததாக இருந்தது. சர்க்கரையைத் தவிர வேறொன்றைத் தேடி ஒருவர் இவ்வளவு தூரம் வரலாமா என்று அங்கிருந்த வெள்ளைத் தோட்ட முதலாளிகள் அவரைப் பரிகசித்தார்கள். காட்டில் தானே விளையும் நல்ல பொருள்களைப் பயிரிட்டுப் பார்க்கும் ஆவல்கூட இவர்களுக்கில்லையே என்று அவர் தம் நூலில் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

இங்கே நாம் சற்று நின்று சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அம்மையார் தனியே காட்டுக்குப் போகவில்லை. முட்செடிகளை வெட்டி வழி செய்தவர்கள் அடிமைகள். புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும், எந்தச் செடி உணவு, எது மருந்து என்று சொல்லிக் கொடுத்தவர்களும், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட நீக்ரோவரும் அந்நாட்டுப் பழங்குடிகளான இந்தியர் என அழைக்கப்பட்டவருமே. அவர்களின் உழைப்பை அவர் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார். அவ்வழக்கத்தையே எதிர்த்து நிற்கவில்லை. அவருடைய புகழைப் பேசுவோர் இதைப் பேசாமல் விடுவது நியாயமன்று.

ஆயினும் அவர்கள் சொன்னதை அவர் கேட்டார். கேட்டதைத் தமக்குச் சொன்னவர் யார் என்ற குறிப்போடு அச்சிட்டார். நம் ஊர்த் தோட்டங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் மயிற்கொன்றையை நேயர்கள் யாவரும் அறிவார்கள். சுரினாமில் அம்மையார் அச்செடியை அதன்மேல் வாழும் புழுவோடு வரைந்து, கீழே எழுதிய விவரம் அந்நூல் முழுவதிலும் மறக்க முடியாத பகுதி. எஜமானர்களால் கொடுமையாக நடத்தப்பட்ட அடிமைப் பெண்கள், தம் வயிற்றிற் பிறக்கும் குழந்தையும் அடிமையாகக் கூடாதென்று, இச்செடியின் விதையை உண்டு கருவைச் சிதைத்துக்கொண்டனர் என்பதை அவர் பதிவு செய்தார். ஆப்பிரிக்க அடிமைகளிற் சிலர், இறந்தால் தம் சொந்த நாட்டில் சுதந்தர மனிதராய் மறுபடி பிறப்போம் என்று நம்பி உயிரை மாய்த்துக்கொண்டதையும் எழுதினார். இதை அப்பெண்களே தம்மிடம் கூறினர் என்பதையும் சேர்த்தார். சர்க்கரைக் கணக்கு எழுதியவர்களின் ஏடுகளில் அவர்கள் வெறும் எண்ணிக்கை; ஒரு புழுவின் சரித்திரத்தில் அவர்களுடைய வாக்கு இடம்பெற்றது. மயிற்கொன்றையின் அழகை ஐரோப்பியர் விரும்பித் தம் கண்ணாடி வீடுகளில் வளர்த்தார்கள். அதைப் பற்றி அப்பெண்கள் சொன்னதைக் கேட்க விரும்பினவர் சிலரே.

ஐந்து வருஷம் தங்க எண்ணியிருந்தாரோ, பத்து வருஷம் தங்க எண்ணியிருந்தாரோ, உடல் இடங்கொடுக்கவில்லை. கடுஞ்சுரத்தில் விழுந்து உயிர் பிழைத்த அம்மையார் 1701 ஜூனில் கப்பலேறி, அவ்வருஷமே ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தார். பழங்குடி ஸ்திரீ ஒருத்தியும் உடன் சென்றாள். செடிகளைப் பற்றிய பல தகவல்களை நூலுக்கு அவள் உதவியிருக்கக்கூடும். அவளுடைய பெயரை அம்மையார் எங்கும் எழுதவில்லை.

1705-ல் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய அவருடைய பெருநூல் டச்சு மொழியிலும் லத்தீனிலும் வெளிவந்தது. அறுபது பெரிய தகடுகள். முதல் ஏட்டில் அன்னாசிப் பூவும், அதன்மேல் ஊரும் கரப்பான்களும். தேர்ந்த பொறிப்பாளர்களுக்குக் கூலி கொடுத்து, சிறந்த காகிதம் வாங்கி, தாமே பிரசுரகர்த்தராக நின்று அவர் இதை வெளியிட்டார். ஜெர்மன், ஆங்கிலப் பதிப்புகளும் கொணர முயன்றார். போதிய சந்தாதாரர் சேரவில்லை. அச்சுக்கூடம் நடத்துவோருக்கு இதன் துயரத்தை விளக்க வேண்டுவதில்லை.

அந்நூலில் வரும் ஓர் உயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுரினாமிலுள்ள ஒருவகைத் தேரையின் முட்டைகள் தாயின் முதுகுத் தோலில் பதிந்து, குஞ்சுகள் அங்கிருந்தே வெளிவருகின்றன. பிரீஸ்லாந்தில் வாலுடன் நீந்திய குஞ்சுகளைக் கண்டவர், இங்கே வாலில்லாத முழுத் தேரைகள் தாயின் முதுகைத் துளைத்து எழுவதைக் கண்டார். அவர் வரைந்தது உண்மையே.

அவருடைய சாட்சியம் நூறு வருஷம் மதிப்போடிருந்தது. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் தம் வகைப்பாட்டு நூலில் பல பிராணிகளுக்கு அம்மையாரின் சித்திரங்களையே ஆதாரமாகக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறுக்கு விசாரணை தொடங்கியது. கொய்யா மரத்தை வரைந்த ஏட்டில், ஒரு பெரிய சிலந்தி சிறு பறவையைப் பிடித்துத் தின்பதாகவும், எறும்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பாலம் அமைத்துக் கிளைக்குக் கிளை போவதாகவும் காட்டியிருந்தார். லின்னேயஸ் 1758-ல் அச்சிலந்திக்குப் பறவையின் பெயரையே சேர்த்து நாமகரணம் செய்தார். ஆனால் மேற்கிந்தியத் தீவு ஒன்றில் வசித்த லான்ஸ்டௌன் கில்டிங் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1834-ல் அம்மையாரின் நூலை ஏடு ஏடாக எடுத்துப் பரிகசித்தார். அவர் சுரினாமில் கால் வைத்தவரல்லர். அவர் முன் இருந்ததோ அம்மையார் இறந்த பிறகு பிறர் கைபட்டு வெளியான பதிப்பு. வேறொருவர் திருத்திய வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு சாட்சியைப் பொய்யர் என்று தீர்ப்பளிப்பதை எந்த நியாயாதிபதியும் ஒப்பமாட்டார்.

அப்பீலில் தீர்ப்பு மாறியது. அமேசான் நதிப் பிரதேசத்தில் பல வருஷங்கள் அலைந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், மரத்தண்டில் அத்தகைய சிலந்தி இரண்டு சிறு பறவைகளைப் பிடித்திருப்பதைக் கண்ணாரக் கண்டு 1863-ல் வெளியான தம் நூலில் எழுதினார். எறும்புப் பாலமும் மெய்யே. இலை வெட்டும் எறும்பையும் படையெடுத்துச் செல்லும் எறும்பையும் அம்மையார் ஒன்றாகக் கலந்துவிட்டார் என்பதே அதிலுள்ள பிழை.

அவர் தவறவே இல்லை என்று வாதிக்க நாம் வரவில்லை. நீண்ட தலையுள்ள ஒரு பூச்சி இருளில் நெருப்புப் போல் ஒளிவிடுகிறது என்றும், இரவில் பெட்டியைத் திறந்தபோது அதைத் தாமே கண்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அப்பூச்சி ஒளிவிடுவதில்லை என்பது இன்று தெளிவு. சுரத்தின் மயக்கமோ, மின்மினிகள் எவையேனும் உடன் கலந்திருந்தனவோ, ஊகிக்கத்தான் முடியும். சில்வண்டு ஒன்றே அந்தப் பூச்சியாக மாறுகிறது என்று பழங்குடியினர் கூறியதை, அது அவர்கள் கூற்று என்று வேறு பிரித்து எழுதினார். கேட்டதைக் கேட்டதென்று சொன்ன இடத்தில் அவர் மீது குற்றமில்லை. கண்டதென்று சொன்ன இடத்திலேயே தவறினார். கண்ட சாட்சியும் சில வேளை பிசகும் என்பதை நியாயஸ்தலங்கள் நன்கறியும். அந்த ஒரு பிசகுக்காக அவருடைய வாக்கு முழுவதையும் தள்ளியவர்கள், ஆடவர்கள் செய்த இதனினும் பெரிய பிழைகளை எளிதில் மன்னித்தவர்களே.

1715-ல் அம்மையாருக்குப் பக்கவாத நோய் கண்டது. 1717 ஜனவரி 13-ந் தேதி காலமானார். நகரத்து இறப்புப் பதிவேட்டில் அவர் பொருளில்லாதவர் என்று குறிக்கப்பட்டது. அந்நாட்களிலேயே ருஷியச் சக்கரவர்த்தி மகா பீட்டரின் வைத்தியர் அவருடைய சித்திரங்களை ஏராளமாக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் 1992 முதல் ஐரோப்பியப் பொது நாணயம் வரும்வரை வழங்கிய 500 மார்க் நோட்டில் அச்சிடப்பட்டிருந்தது இந்தப் பொருளில்லாதவரின் உருவமே.

புழுக்களைப் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியை மகள் டோரொதியா அவ்வருஷமே வெளியிட்டு, தம் இரண்டாவது கணவரான கெஸல் என்ற சித்திரக்காரருடன் ருஷியா சென்று, அங்குள்ள விஞ்ஞானக் கழகத்தில் சித்திர வேலை பார்த்தார். அத்தம்பதிகளின் மகள் பிற்காலத்தில் கணித மேதை ஆய்லரை மணந்தாள். அம்மையாரின் குறிப்புப் புஸ்தகமும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்து, நெடுங்காலம் நூல்நிலையத்தில் ஒருவரும் அதிகம் கவனியாமல் இருந்தது. 1976-ல்தான் அது உள்ளது உள்ளபடி அச்சேறியது. சிறு தோல் ஏடுகளில் வரைந்த நூற்றுக்கணக்கான முட்டைகளும் புழுக்களும் கூடுகளும், எதிரே அவர் கைப்பட எழுதிய நாள் கணக்குகளும் அதில் இருக்கின்றன. முதலில் இருப்பது 1660-ஆம் வருஷத்துப் பட்டுப்புழு.